இழுக்க ரெண்டு டிராக்டர், நிறுத்த ஒண்ணு

பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். விழுப்புரம் தாண்டி, பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினதும் முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கிட்டு இருக்கும். பாதி ரோட்டுக்கு மேல அதுதான். ரெண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கிட்டு, மேலே கட்டின கயிறு பிதுங்கிக்கிட்டு, நடக்குற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாப் போகும். நீங்க ஹாரன் அடிப்பீங்க. அவர் ஒதுங்க மாட்டார். "என்னா திமிர் பாரு"ன்னு கார்ல யாராவது ஒருத்தர் சொல்வாங்க.

அது திமிர் இல்லைங்க. இடதுபக்கச் சக்கரம் தாரை விட்டு மண்ணுல இறங்கினா மொத்தப் பாரமும் அந்தப் பக்கம் சாயும். அதனாலதான் அவர் ஒதுங்கலை. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த வண்டியை நினைச்ச இடத்துல நிறுத்த அவரால முடியாது. அது அவருக்கும் தெரியும், பாரம் ஏத்தினவங்களுக்கும் தெரியும், ஆலையில எடை போடுறவங்களுக்கும் தெரியும். தெரியாதது பின்னாடி ஹாரன் அடிக்கிற உங்களுக்கும், எதிர்ல சைக்கிள்ல வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும்தான்.

எங்க ஊர் டீக்கடையில "50 ஹெச்.பி. டிராக்டர் எத்தனை டன் இழுக்கும்?"னு கேட்டுப் பாருங்க. ஒருத்தர் 10 டன்னு சொல்வார். பக்கத்துல இருக்கிறவர் 12ன்னுவார். மூணாவது ஆள் "எங்க மச்சான் 15 டன் இழுத்தாருங்க, ஏத்தத்துலகூட மூச்சு வாங்கலை"ன்னு சொல்வார். யாரும் பொய் சொல்லலை. இழுக்கும்தான். கேள்விதான் தப்பு.

சமதரையில, நல்ல தார் ரோட்டுல, டயர் வெச்ச வண்டியை உருட்டிக்கிட்டுப் போக ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 20, 30 கிலோ இழுவிசை போதும். நாலு சக்கர டிரெய்லர் ஒண்ணு, காலியா 2 டன்னு வெச்சுக்குவோம். அது மேல 10 டன் கரும்பு. மொத்தம் 12 டன். அதை உருட்ட 300 கிலோ சொச்சம் இழுத்தாப் போதும். 50 ஹெச்.பி. டிராக்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டலாம். சமதரை அப்படித்தான் ஆளை ஏமாத்தும்.

ஏத்தம் வந்தாத்தான் கணக்கு வெளியே தெரியும். 20 அடி போறதுக்குள்ள 1 அடி ஏறுற ரோடுன்னா, ஒவ்வொரு டன்னும் 50 கிலோ பின்னாடி இழுக்கும். 12 டன்னுக்கு 600 கிலோ. டிராக்டரோட சொந்த எடைக்கு ஒரு 100 கிலோ. உருட்டுறதுக்கான 300 தனி. ஆக 1 டன் இழுவிசை வேணும். எங்க வாய்க்கால் கரை மாதிரி 10 அடிக்கு 1 அடி ஏறுற இடம்னா 1,700 கிலோவைத் தொடும். டிராக்டரோட எடையே 2,200 கிலோதான். அதுலயும் பின் சக்கரத்து மேல உட்காருற எடைதான் தரையைப் பிடிக்கும். அந்தப் பிடிக்கு மேல இழுக்கச் சொன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும். சக்கரம் வழுக்கிச் சுத்தும். இல்லைன்னா முன் சக்கரம் தூக்கும்.

முன் சக்கரம் தூக்குறதை இப்ப ரீல்ஸ்ல வீரமாக் காட்டுறாங்க. பார்க்குற உங்களுக்கு வேடிக்கை. முன் சக்கரம் தரையில இல்லைன்னா ஸ்டீரிங் இருந்தும் இல்லாத மாதிரி. டிரெய்லரைப் பின் அச்சுக்கு மேலே உள்ள இடத்துல மாட்டியிருந்தா, டிராக்டர் அப்படியே மல்லாக்கப் போகும். கிளட்சை மிதிக்கணும்னு டிரைவருக்குத் தோணுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அதனாலதான் கொக்கி அச்சுக்குக் கீழேதான் இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்றது.

வாய்க்கால் கரையில நடந்த ஒண்ணைச் சொல்லணும். ரெண்டு வெட்டுக்கு முன்னாடி, பக்கத்து ஊர்ப் பாரம் ஒண்ணு அந்த ஏத்தத்துல பாதியில நின்னுடுச்சு. டிராக்டர் மூக்கு தூக்கித் தூக்கி விழுது. இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, வண்டி மெல்லப் பின்னாடி வருது. கூட வந்த ஆள் ஒருத்தர் கல்லை எடுத்துக்கிட்டுச் சக்கரத்துக்கு அண்டக் குடுக்க ஓடினார். எங்க பக்கம் அதுதான் வழக்கம். டிரெய்லர் கல்லையும் தாண்டி வந்துச்சு. இப்ப அவருக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே கிடையாது. அன்னிக்கு அந்த டிராக்டருக்கு இழுக்கப் பலம் இல்லாமப் போனதை எல்லாரும் பேசினாங்க. "55 ஹெச்.பி. போட்டிருந்தா ஏறியிருக்கும்"னு சொன்னாங்க. பிடிச்சு நிறுத்துற சக்தி அந்த வண்டியில எங்கயுமே இல்லைங்கிறதை ஒருத்தரும் பேசலை.

அந்தச் சக்தி எங்க இருக்குன்னு சொல்றேன். எங்க பக்கம் ஓடுற பெரும்பாலான டிராக்டர்ல பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான் பிரேக். பெடலும் ரெண்டு. உழவுல மூலை திரும்ப ஒரு பக்கம் மட்டும் அழுத்துவோம். ரோட்டுக்கு வந்தா ரெண்டு பெடலையும் கொண்டி போட்டுச் சேர்க்கணும். அதை மறந்து ஒத்தைப் பெடலை மிதிச்சா வண்டி ஒரே பக்கமா இழுத்துச் சாய்ச்சுடும். சரி, டிரெய்லர்ல பிரேக்? எங்க சுத்துப்பட்டு ஊர்ல பிரேக் உள்ள டிரெய்லரை ஒரு கை விரலுக்குள்ள எண்ணிடலாம்.

அதாவது 2,200 கிலோ வண்டியை நிறுத்தச் செஞ்ச பிரேக்கை வெச்சு, டிராக்டரும் டிரெய்லரும் கரும்புமாச் சேர்ந்து 14 டன்னுக்கு மேல நிறுத்தப் பார்க்கிறோம். ஆறு மடங்குக்கு மேல எடை, அதே பிடி. தனி டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் மிதிச்சு 5 மீட்டர்ல நிக்கும்னா, பாரத்தோட 30 மீட்டருக்கு மேல போகும். காலு பெடலுக்குப் போற ஒரு விநாடியில 5 மீட்டர் தனி. வேகம் 30 கிலோமீட்டர்னா இந்தத் தூரம் ரெண்டே கால் மடங்கு. ரெண்டு சக்கர டிரெய்லர்ல கொஞ்சப் பாரம் டிராக்டரோட பின் சக்கரத்து மேல உட்காரும், தரைப்பிடி கூடும். அதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கலாம். அதே டிரெய்லர்ல பாரத்தைப் பின்பக்கமாக் கூட்டி அடுக்கிட்டா, கொக்கி மேலே தூக்கி இருக்கிற பிடியும் போயிடும்.

இறக்கத்தைக் கேட்கவே வேணாம். 10 அடிக்கு 1 அடி இறங்குற இடத்துல இந்த 14 டன்னும் சேர்ந்து 1,400 கிலோ விசையா முன்னாடி தள்ளும். உருளுறதுல ஒரு 350 போனாலும் மிச்சம் 1,000 கிலோவுக்கு மேல. பின் சக்கரம் ரெண்டும் தாரைப் பிடிச்சுக் கொடுக்கிற பலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்புறம் நிறுத்துறதுக்கு என்ன மிஞ்சும்? பிரேக்கை மிதிச்சாலும் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கிட்டுப் போகும். நேரா தள்ளினாப் பரவாயில்லை. கொஞ்சம் கோணலாத் தள்ளினா டிராக்டர் மடங்கிக் குறுக்கே திரும்பிடும். டீசல் மிச்சம்னு இறக்கத்துல நியூட்ரல் போடுற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர்ங்கிறதுதான் பழைய டிரைவருங்க பாடம்.

மாட்டு வண்டிக் காலத்துல இந்த அறிவு இருந்துச்சு. எங்க தாத்தா டயர் வண்டியில கரும்பு அடிச்சவர். வண்டியில பாரம் ஏத்தும்போது ஆத்து இறக்கத்தைத்தான் மனசுல வெச்சுக்குவார். ஏத்தத்துல மாடு இழுக்கலைன்னா நாலு பேர் தோள் குடுத்துத் தள்ளலாம். இறக்கத்துல மாட்டால பின்வாங்கிப் பிடிக்க முடியலைன்னா யார் போய்ப் பிடிக்கிறது? மாடு நுரை தள்ளும், கால் மடங்கும், கண்ணுல தெரியும். டிராக்டர் எதையும் காட்டாது. கடைசி வரைக்கும் நல்லாத்தான் சத்தம் போடும்.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏத்தினா அச்சு முறியும்னு வள்ளுவர் சொன்னது பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான். அதை அவர் வெச்சிருக்கிற அதிகாரம் வலியறிதல். இப்ப அச்செல்லாம் அவ்வளவு லேசுல முறியறதில்லைங்க, நல்ல இரும்பு. அச்சு முறிஞ்சா வண்டியாவது அங்கேயே நிக்கும். இப்ப முறியாம உருண்டுக்கிட்டே போறதுதான் ஆபத்து.

எங்க கொல்லையில வெட்டு நடக்கும்போது வந்து பாருங்க. முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா, பாரம் ஏத்தின டிரெய்லரை ஈர மண்ணுல இருந்து வெளியே எடுக்க முன்னாடி இன்னொரு டிராக்டரைச் சங்கிலி போட்டு மாட்டுவோம். ரெண்டும் சேர்ந்து உறுமி, ரோடு ஏத்தி விடும். ஏத்தினதும் முதல் காரியமா அந்த ரெண்டாவது டிராக்டரைக் கழட்டிட்டு அனுப்பிடுவோம். இழுக்கிறதுக்கு ரெண்டு வண்டி தேவைப்பட்ட பாரத்தை, கடைத்தெரு வழியா, பள்ளிக்கூட வாசல் வழியா, பாலத்து இறக்கம் வழியா, ஒத்தை வண்டியோட பிரேக்கை நம்பி அனுப்புறோம். இதைத் தப்புன்னு நினைக்கிற ஆளே கிடையாது.

அப்போ எவ்வளவுதான் ஏத்தலாம்? டிராக்டரோட வர்ற கையேட்டைப் பிரிச்சுப் பார்க்கிற பழக்கம் நம்மகிட்ட இல்லை. பல கையேட்டுல இருக்கிற பொதுக் கணக்கு இதுதான்: பிரேக் இல்லாத டிரெய்லர்னா, பாரத்தோட சேர்த்து டிராக்டர் எடையில ஒன்றரை மடங்குக்கு மேல போகக் கூடாது. பிரேக் உள்ள டிரெய்லர்னா நாலரை மடங்கு வரைக்கும். வேகத்துக்கும் அதுலயே வரம்பு இருக்கு. எங்க 2,200 கிலோ டிராக்டருக்கு முதல் கணக்குல 3,300 கிலோ வரும். காலி டிரெய்லரே 2 டன். கரும்பு 1,300 கிலோதான் ஏத்தலாம். நாம ஏத்துறது 10 டன்.

இதைப் படிச்சுட்டு, "சட்டம் போட்டு எல்லாத்தையும் நிறுத்த வேண்டியதுதானே"ன்னு நீங்க சொல்லலாம். கொஞ்சம் பொறுங்க. 1,300 கிலோவா அனுப்பினா கரும்பு கொல்லையிலேயே காயும். நல்லா விளைஞ்சா ஏக்கருக்கு 40 டன். ரெண்டு ஏக்கர் கரும்புக்கு 60 நடைக்கு மேல ஆகும். வெட்டின கரும்பு ஒவ்வொரு நாளும் எடை இழக்கும், சர்க்கரையும் குறையும். எடை குறைஞ்சா காசு குறையும். அந்தக் கணக்கை அப்படியே அமல்படுத்தணும்னு கேட்கிற ஆள் நான் இல்லை.

ஆனா ரெண்டாவது கணக்கைப் பாருங்க. டிரெய்லருக்குப் பிரேக் இருந்தா நாலரை மடங்கு, அதாவது 9,900 கிலோ. காலி டிரெய்லர் 2 டன் போக, ஏறக்குறைய 8 டன் கரும்பு ஏத்தலாம். ரெண்டு ஏக்கர் 80 டன்னுக்கு 10 நடை. இப்ப 10 டன் ஏத்தி 8 நடை அடிக்கிறோம். வித்தியாசம் வெறும் 2 நடை. டிரெய்லருக்குப் பிரேக்கும், ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு நடை கூடுதலும். இவ்வளவுதாங்க மொத்த விலை. இதுக்குத்தான் கால் போகுது, உயிர் போகுது.

இவ்வளவு சின்ன விலையை ஏன் யாரும் குடுக்கிறதில்லை? டிரைவரைக் கேட்டேன். எங்க தெருப் பையன்தான்.

"அண்ணே, எனக்கு மட்டும் 10 டன் ஏத்திக்கிட்டுப் போகணும்னு ஆசையாண்ணே? கூலி டன் கணக்கு. ஆலை வாசல்ல போய் நின்னா வரிசை எப்ப நகரும்னு தெரியாது. சில நாள் ராத்திரி பூரா வண்டிக்கு அடியிலதான் படுக்கணும். ஒரு நடைக்கு ஒரு நாள் போச்சுன்னா, அந்த ஒரு நடையில முடிஞ்ச வரைக்கும் ஏத்திக்கத்தானே பார்ப்பேன்?"

இதுக்கு என்கிட்ட மறுபேச்சு இல்லை. டிரெய்லர் மேல பாரத்தை ஏத்துறது அவன் பேராசை இல்லைங்க. ஆலை வாசல் வரிசைதான் ஏத்துது. டன் கணக்குக் கூலிதான் ஏத்துது. அவன் தலைமேல மட்டும் அபராதம் போட்டா, அடுத்த நாள் அதையும் சேர்த்துச் சம்பாதிக்க இன்னும் ரெண்டு கட்டு கூட ஏத்துவான்.

சட்டத்தையும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், வரம்பைத் தாண்டின ஒவ்வொரு டன்னுக்கும் மேல 2,000 ரூபாய்னு சொல்லுது. மிச்சப் பாரத்தை இறக்கி வைக்காம வண்டி நகரவும் கூடாது. நல்லாக் கவனிச்சா அந்தப் பிரிவு ஓட்டுறவரை மட்டும் சொல்லலை. ஓட்ட வைக்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்லுது. அந்தப் பட்டியல்ல கரும்பு அனுப்புற நானும் வருவேன், கரும்பை எடை போட்டு வாங்கிக்கிற ஆலையும் வரணும்னுதான் நான் நினைக்கிறேன்.

ஏன் ஆலையைச் சொல்றேன்னா, கரும்புல ஒரு வசதி இருக்கு. மணல், செங்கல், வைக்கோல் எல்லாம் எங்கயும் எடை போடாமலே போய்ச் சேரும். கரும்பு மட்டும் ஒவ்வொரு பாரமும் எடை மேடை ஏறித்தான் ஆகணும். பாரத்தோட எடை, காலி வண்டியோட எடை, நேரம் எல்லாம் ரசீதுல அச்சாகுது. டிரெய்லரோட ஆர்.சி. புத்தகத்துலயும் அனுமதிச்ச எடை எழுதியிருக்கு. ரெண்டு காகிதமும் ஒரே மேஜை மேல கிடக்கு, சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. போலீஸ், சோதனைச் சாவடி எதுவும் வேணாம். "இந்த வண்டி தொடர்ந்து மீறுது"ன்னு அந்த எடை மேடையே சொல்லிடும்.

அதுக்காக வந்த கரும்பைத் திருப்பி அனுப்பக் கூடாது. அது விவசாயி வயித்துல அடிக்கிற வேலை. வண்டியைச் சீசனுக்கு முன்னாடி பதிவு செய்யும்போதே டிரெய்லர்ல பிரேக் இருக்கான்னு பார்த்து எடுக்கட்டும். பிரேக் மாட்டுறதுக்கு முன்பணம் குடுத்து, கூலியில கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்கட்டும். வெட்டு ஆர்டரையும் வண்டி வர்ற நேரத்தையும் பொருத்திக் கொடுத்தா வரிசை குறையும். கூலியில ஒரு பங்கை நடைக்கும் தூரத்துக்கும்னு பிரிச்சா, 8 டன்னோட வர்றவனுக்கும் கட்டுப்படியாகும்.

இதெல்லாம் நடக்குறவரைக்கும் சும்மா இருக்க மனசு வரலை. இந்த வெட்டுக்கு அந்தப் பையன்கிட்ட இப்படிப் பேசியிருக்கேன்: என் கொல்லைக் கரும்பு ஒரு நடைக்கு 7 டன்னுக்கு மேல ஏறக் கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதுவும் அதிகம்தான், தெரியும். கூடுதலா ஆகுற நடைக்கு டீசலும் சாப்பாடும் என் கணக்கு. வாய்க்கால் கரை வழி வேணாம், ஒரு மைல் சுத்தினாலும் சமதரை வழிதான். பாரத்தோட 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. வேகம் பாதியானா நிக்கிற தூரம் கால்வாசி, இது காசே இல்லாத பிரேக். அவன் சிரிச்சுக்கிட்டே, "உங்க ஒருத்தருக்கு மட்டும் இப்படி ஓட்டினா மத்தவங்க என்னை வெச்சுச் செய்வாங்கண்ணே"ன்னான். ஆனா சரின்னுட்டான். லோடு ஏத்துற ஆளுங்களுக்கும் சொல்லியாச்சு. அவங்கதான் ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க. மேல் அடுக்குக்கு ஏணி வெச்சுத் தலையில கட்டு தூக்கிக்கிட்டு ஏறுறது அவங்கதானே.

நீங்க செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. ஏத்தத்துல கரும்பு டிராக்டருக்குப் பின்னாடி ஒட்டி நிக்காதீங்க. அது பின்னாடி வரலாம். குறைஞ்சது நாலு கார் இடம் விடுங்க. இறக்கத்துல அதை முந்திப் போய், முன்னாடி சடார்னு பிரேக் போடாதீங்க. அவருக்கு நிக்க 30 மீட்டர் வேணும், உங்களுக்கு அது வேணாம். பைக்ல போறவங்க டிரெய்லருக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவுல நுழையவே கூடாது. ராத்திரியில பின்னாடி சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் இருந்தாலும் நீட்டிக்கிட்டு இருக்கிற கரும்பு அதை மறைச்சிருக்கும். வெட்டுக் காலத்துல உள்ரோட்டுல வேகத்தைக் குறைச்சே வாங்க.

ஊர்ல சொந்தக்காரங்க யாராவது புது டிராக்டர் வாங்கினதாச் சொன்னா, "எத்தனை ஹெச்.பி.?"ன்னு கேட்கிறதோட விட்டுடாதீங்க. "டிரெய்லர்ல பிரேக் இருக்கா மாமா?"ன்னும் கேளுங்க. நாங்க கேட்டா எங்க ஊர்ல யாரும் காதுல வாங்க மாட்டாங்க. பட்டணத்துல இருந்து வந்த பிள்ளை கேட்டா கொஞ்சம் கூச்சப்பட்டாவது யோசிப்பாங்க.